தேயிலைச் செடியின் நோயும் தோட்ட மக்களின் நோயும்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவிலே தலவாக்கலையை அடுத்து வருவது லிந்துலை. இரண்டு ஊர்களும் ஒரே நகரசபையின் பெயரிலே இணைந்தவை. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. இவ்வட்டாரத்திலே, ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாமல், இரு நிலையங்கள் உள. ஒன்று லிந்துலை அரசினர் வைத்தியசாலை. மற்றொன்று தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம். முன்னதிலே கொழுந்தெடுப்போரின் நோய்க்கு மருந்து கொடுக்கிறார்கள். பின்னதிலே தேயிலைச் செடியின் நோயை ஆராய்கிறார்கள். மருந்து கொடுப்பது ஒரு வேலை; நோயை ஆராய்ந்து புதிய மருந்தும் புதிய வழியும் காண்பது வேறொரு வேலை. செடிக்கு ஆராய்ச்சியும் மனிதருக்கு மருந்துச் சீசாவும் என்ற இந்தப் பங்கீடு எவ்வாறு ஏற்பட்டது, அதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது, எங்கே நின்றுபோயிற்று என்பவற்றை இனிப் பார்ப்போம்.

கதை கோப்பியிலே தொடங்குகிறது. தேயிலைக்கு முன் இம்மலைகளிலே கோப்பிதான் விளைந்தது. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்தாற்போன்ற ஒரு நோய் இலங்கையிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பத்தாண்டுகளுள் அது தோட்டந்தோட்டமாகப் பரவிற்று. அரசாங்கம் விழித்துக்கொண்டு, 1880ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலறிஞரை இரண்டு ஆண்டுகளுக்கென வருவித்தது. அவர் அந்தப் பூஞ்சணத்தின் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவாகக் கண்டு எழுதினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது, கோப்பி அழிந்தது. மனை பற்றி எரியத் தொடங்கியபின் கிணறு வெட்டிய கதைதான். இரண்டாண்டுச் சம்பளத்துக்கு அமர்த்திய ஓர் அறிஞரால் ஒரு பயிரைக் காக்க இயலாது என்பதைத் தோட்டத்துரைமார் பெரும் விலை கொடுத்தே அறிந்துகொண்டனர்.

அதே காலத்திலே, அதே தோட்டங்களிலே, மனிதரும் அழிந்துகொண்டிருந்தனர். தமிழ்நாட்டின் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள், மன்னார்க் கரையிலே இறங்கி, வடபாதை வழியே காடு கடந்து மாத்தளைவரை கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை விழுங்கின. அவ்வாறு மடிந்தோரின் தொகைபற்றி அந்நாளிலேயே கடுமையான வாதங்கள் நடந்தன. அவற்றின் விளைவாக 1872ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்த சட்டம் நிறைவேறிற்று. மலைநாடு வைத்தியப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பகுதிக்கொரு வைத்தியரும் வைத்தியசாலையும் ஏற்பட்டன. செலவின் பெரும் பங்கைத் தோட்டங்கள் ஏற்கவேண்டும் என்பது ஏற்பாடு. இச்சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டு, 1912ஆம் ஆண்டிலே புதிய உருவம் பெற்றது.

இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆசியாவின் பல பெருந்தோட்ட நாடுகளிலே இத்தகைய சட்டம் அந்நாளில் இல்லை. எனினும் அதன் நோக்கம் எல்லை உடையது. வேலைக்கு ஆள் எழுந்து நிற்கவேண்டும். அதற்கு வேண்டிய கொயினாவும் பேதிமருந்தும் இருக்கவேண்டும். ஆள் ஏன் மீண்டும் மீண்டும் படுக்கிறான் என்று கேட்பதற்கு அந்தப் பணத்திலே இடமில்லை.

அப்படிக் கேட்டிருக்கவேண்டிய நோய் ஒன்று இருந்தது. கொழுக்கிப்புழு என்பது அதன் பெயர். கால் அங்குலத்தைச் சற்றே தாண்டும் நீளமுள்ள நூல்போன்ற புழு. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவது. ஒரு புழு குடிப்பது சிறிதளவே. நூற்றுக்கணக்கிலே குடியேறும்போது மனிதன் வெளிறிப்போகிறான்; மூச்சு வாங்குகிறது; கால் வீங்குகிறது. தோட்டத்திலே அதற்குச் சோகை என்று பெயர். துரையின் நாட்குறிப்பிலே அதற்குச் சோம்பல் என்று பெயர். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கோ அது பிரசவத்திலே உயிரை வாங்கும் நோய்.

மிலான் நகரத்து வைத்தியர் துபினி இப்புழுவை 1838ஆம் ஆண்டிலேயே கண்டார். ஆயினும் உலகம் அதனைக் கவனித்தது 1880ஆம் ஆண்டிலே, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொதார்ட் புகையிரதச் சுரங்கம் தோண்டிய தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சோகைகண்டு வீழ்ந்தபோதுதான். பேரொன்சீற்றோ என்ற இத்தாலிய அறிஞர் அவர்களின் குடலிலே இப்புழுவைக் கண்டு காரணத்தை நிறுவினார். பின்னர் 1898ஆம் ஆண்டிலே கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவர், புழுவின் குடம்பிகள் நிறைந்த நீர்த்துளி தவறித் தம் கையிலே சிந்த, அவ்விடத்திலே எரிச்சல் காண, சில வாரங்களிலே தம் மலத்திலேயே புழுவின் முட்டை காண, ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தார். அப்புழு வாய்வழியாக மட்டுமன்றித் தோல்வழியாகவும் நுழைகிறது என்பதே அது. மலம் கழித்த ஈரமண்ணிலே வெறுங்காலோடு நடப்பவனின் விரலிடுக்கு அதற்கு வாசல். லயத்துக்குப் பின்னாலும் தேயிலை நிரைகளுக்கு இடையிலும் ஒதுங்குவதன்றி வேறு வசதி இல்லாத மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான நோயைத் தேடிப்பிடிக்க முடியாது. வேலை செய்யும் நிலமே தொற்றும் நிலமாயிற்று.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். 1909ஆம் ஆண்டிலே அமெரிக்க எண்ணெய்ச் செல்வர் ஜோன் டி. ரொக்பெல்லர், தம் நாட்டின் தென் மாநிலங்களிலே கொழுக்கிப்புழுவை ஒழிப்பதற்கென்று பத்து இலட்சம் டொலர் கொடுத்தார். 1913ஆம் ஆண்டிலே அவர் பெயரால் அமைந்த நிதியம் இம்முயற்சியைக் கடல்கடந்தும் விரித்தது. 1915ஆம் ஆண்டிலே அதன் கீழைத்தேச இயக்குநராக நியமனம் பெற்றவர் டொக்டர் விக்டர் ஹைசர். பிலிப்பைன் தீவுகளிலே சுகாதாரப் பணிப்பாளராக இருந்தவர். இலங்கையிலே 1916ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே வேலை தொடங்கிற்று. நடந்துவந்த மக்களின் பழைய பாதை முடிந்த இடமும் மாத்தளையே என்பது வரலாற்றின் ஒரு தற்செயல்.

சோதித்தபோது பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. துரைமாரை இணங்கவைக்க ஹைசரும் அவர் துணைவரும் கையாண்ட வாதம் தரும நியாயம் அன்று, வேலைக் கணக்கு. சோகையுள்ளவன் எடுக்கும் கொழுந்துக்கும் சுகதேகி எடுக்கும் கொழுந்துக்குமுள்ள வித்தியாசத்தை ரூபாக் கணக்கிலே சொன்னார்கள். துரைமார் மருந்தை வரவேற்றனர். மருந்துக்கு முன் மலசலகூடம் கட்டுங்கள் என்ற கோரிக்கையைத்தான் அவர்களுட் பலர் தட்டிக்கழித்தனர். மருந்து வெளியூர்ப் பணத்தில் வருவது. மலசலகூடம் தோட்டத்துப் பணத்தில் எழவேண்டியது. பழைய மண்ணிலே பழைய வெறுங்காலோடு நடந்தவர்களுக்குச் சில மாதங்களிலே புழு திரும்பிற்று.

மருந்தின் கதையும் சுவையானது. தொடக்கத்திலே கொடுத்தது தைமோல். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலுள்ள ஓமத்தின் சத்துத்தான் அது. முதலாம் உலகப்போருக்கு முன் இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று, அங்கே வடித்துத் தைமோலாக உலகச் சந்தைக்கு வந்தது. போர் மூண்டதும் அது அருகிற்று. கெனப்போடியம் என்ற பூண்டின் எண்ணெய் அதனிடத்தைப் பிடித்தது. 1921ஆம் ஆண்டிலே கார்பன் டெட்ராகுளோரைட் புழுவைக் கொல்லும் என்று மொரிஸ் ஹோல் அறிவித்தார். அவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கால்நடைப் பிரிவைச் சேர்ந்தவர். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பின் தாமே அருந்திப் பார்த்தவர்.

அடுத்த நிகழ்ச்சி கொழும்பிலே நடந்தது. இன்று கேட்பவர்க்கு நெஞ்சம் நடுங்கும். புதிய மருந்து ஈரலைக் கெடுக்குமோ என்ற ஐயம் எழுந்தது. மரண தண்டனை பெற்று நாள் எண்ணிக்கொண்டிருந்த கைதிகள் சிலருக்கு அம்மருந்தைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் உடலை அறுத்து ஈரலைப் பார்த்தார்கள். மூவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை 1923ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்திய இதழில் அச்சாயிற்று. இம்மருந்து ஈரலுக்கு நஞ்சு என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டு, வேறு மருந்துகள் வந்தன. மலைநாட்டு நோய்க்கென இலங்கையில் அக்காலத்தில் நடந்த ஆராய்ச்சியிலே உலகின் கண்ணிற்பட்டது இதுவே என்றால், அந்த ஆராய்ச்சி எத்துணை வறிய நிலையிலே நடந்தது என்பதை ஊகிக்கலாம்.

கொழும்பிலே ஆராய்ச்சிக்கூடம் இல்லாமலில்லை. டி சொய்சா குடும்பத்தாரின் நன்கொடையால் 1900ஆம் ஆண்டையொட்டி எழுந்த நுண்ணுயிரியல் நிலையமே பின்னாளிலே வைத்திய ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கே பணியாற்றிய கஸ்தலானி, 1905ஆம் ஆண்டிலே பறங்கிப்புண்ணின் கிருமியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். ஒரு குடும்பத்தின் கொடை நாட்டுக்கு எவ்வளவு தரமுடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் கொடை கட்டடத்தைத் தரும். ஆண்டுதோறும் வரும் செலவைத் தருவது அரிது.

ரொக்பெல்லர் நிதியம் இதனை நன்கு அறிந்திருந்தது. வழிகாட்டுவது எம் வேலை, தொடர்ந்து நடத்துவது அரசாங்கத்தின் வேலை என்பதே அதன் கொள்கை. தோட்டங்களிலே மருந்து மட்டும் பலன் தராது என்று கண்டபின் அதன் நாட்டம் வேறு திசையிலே திரும்பிற்று. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. மருத்துவிச்சி, சுகாதாரப் பரிசோதகர், வைத்திய அதிகாரி ஆகியோர் சேர்ந்து ஒரு பிரதேசத்தின் சுகாதாரத்தைக் கவனிக்கும் அம்முறை இலங்கைக் கிராமங்களின் நிலையையே மாற்றிவிட்டது. பிற்காலத்திலே இலங்கையின் தாய்சேய் நலத்தை உலகம் போற்றியதற்கு வித்து அங்கே இடப்பட்டது. அதனால் நிதியம் தோற்றது என்று கூறுவது நியாயமாகாது. ஆயினும் அது களுத்துறைக் கிராமங்களிலே வெற்றிபெற்றது. புழுவைத் தேடி அது முதலில் வந்த தோட்டங்களுக்கோ அச்சுகாதாரப் பகுதி முறை மிக நெடுங்காலம் எட்டவில்லை. தோட்டத்துச் சுகாதாரம் தோட்டத்தின் பொறுப்பு என்ற பழைய ஏற்பாடே இருந்துவந்தது.

களுத்துறைச் சுகாதாரப் பகுதிக்கு ஓராண்டு முன், 1925ஆம் ஆண்டிலே, தேயிலை ஆராய்ச்சிச் சட்டம் நிறைவேறிற்று. கோப்பியின் அழிவைத் துரைமார் மறக்கவில்லை போலும். ஏற்றுமதியாகும் தேயிலையின் நிறைக்கேற்ப ஒரு சிறு தீர்வை. அத்தீர்வைப் பணம் முழுவதும் தேயிலை ஆராய்ச்சிக்கு. யாரிடமும் ஆண்டுதோறும் கையேந்த வேண்டியதில்லை. ஒரு செல்வர் மனம் மாறினாலும் ஓர் அரசாங்கம் மாறினாலும் பணம் வந்துகொண்டேயிருக்கும். தேயிலைச் செடியின் நோய்கள்பற்றி 1923ஆம் ஆண்டிலே பெருநூல் எழுதிய தோம் பெட்ச் அதன் முதல் இயக்குநரானார். நுவரெலியாவிலே தொடங்கிய நிலையம் அப்பத்தாண்டின் முடிவிலே சென். கூம்ஸ் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

நிலையான பணம் என்ன செய்யும் என்பதை அங்கே காணலாம். தேயிலை இலைகளைச் சுருட்டி ஒட்டும் டோட்றிக்ஸ் புழு தோட்டங்களைச் சூறையாடியபோது, அதன் உடலிலே முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒரு சிறு குளவியை 1935, 1936ஆம் ஆண்டுகளிலே ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். குளவி நிலைத்தது, புழு அடங்கிற்று. 1946ஆம் ஆண்டிலே கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது, கோப்பிக் காலத்துத் தடுமாற்றம் இல்லை. ஆட்களும் கூடமும் பழகிய கண்ணும் ஆயத்தமாக இருந்தன. செம்பு கலந்த மருந்து தெளிக்கும் முறை சீர்செய்யப்பட்டது; தேயிலை தப்பியது. பின்னர் நல்ல செடிகளைத் தெரிந்து, தண்டிலிருந்து கன்று வளர்த்து, இலக்கப் பெயரிட்டு வெளியிட்டார்கள். 2025 என்ற இலக்கத்தைச் சொன்னால் அது எந்தக் கன்று என்று தோட்டத்துச் சிறுவனும் சொல்லுவான்.

செடிக்குச் செய்த இவ்வாராய்ச்சி தொழிலாளருக்கும் சோறு போட்டது உண்மை. கொப்புள நோய் தேயிலையைக் கோப்பியின் வழிக்கு அனுப்பியிருந்தால் லயங்களே இருந்திரா. ஆகையால் இங்கே குறைகூறத்தக்கது தேயிலைத் தீர்வை அன்று. ஒரு பெட்டித் தேயிலையிலிருந்து செடிக்காக ஒரு சதம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே பெட்டியிலிருந்து கொழுந்தெடுத்தவளின் குடற்புழுவை ஆராய ஒரு காற்சதம் ஒதுக்கலாமென்று தோன்றவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. செடி பட்டால் நட்டம் துரையின் கணக்கிலே விழும். ஆள் பட்டால் மண்டபம் முகாம் வழியாக வேறோர் ஆள் வருவான். அந்தக் கணக்கே பங்கீட்டைத் தீர்மானித்தது.

பணம் இடையிலே நின்றால் என்னாகும் என்பதற்குச் சான்று தேடி இலங்கைக்கு வெளியே போகவேண்டியதில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாவிலே ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப்போரின் முடிவிலே டி.டி.ற்றி. வந்தது, 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் போயிற்றென்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969ஆம் ஆண்டிலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின் இடையறாத முயற்சியால், உள்நாட்டுப் போரின் நடுவிலும் விடாமல் நடத்தப்பட்ட வேலையால், 2016ஆம் ஆண்டிலே மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உறுதிப்படுத்தப்பட்டதும் அதே ஆண்டிலேயே.

உலகக் கணக்கும் தோட்டக் கணக்கைப் போன்றதே. 1975 முதல் 1999 வரையிலான காலத்திலே உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1,393. அவற்றுள் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் உரியவை 16. வாங்க வழியற்றவர்களின் நோய்க்கு மருந்து தேடக் கம்பெனிகள் முன்வருவதில்லை. குடற்புழு மருந்துகளிலே பல கால்நடை வழியாகவே மனிதரிடம் வந்தன. இன்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் முதலிலே ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்று 1970களிலே செய்யப்பட்டது. மனிதர் உபயோகத்துக்கு 1982ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆட்டுக்கு உடைமைக்காரன் உண்டு. அவனிடம் பணமும் உண்டு. அந்த ஆட்டின் புண்ணியத்தில் லயத்துப் பிள்ளைக்கும் ஒரு வில்லை கிடைத்தது.

1975ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிக்கென ஒரு தனித்திட்டம் ஏற்பட்டது. 2003ஆம் ஆண்டிலே, கைவிடப்பட்ட நோய்களுக்கு மருந்து காண்பதற்கென்றே இலாபநோக்கற்ற ஓர் அமைப்பு ஜெனீவாவிலே தோன்றிற்று. ஆயினும் இவையெல்லாம் நாடுகளும் நிதியங்களும் காலத்துக்குக் காலம் மனமுவந்து கொடுப்பவற்றையே பெரிதும் நம்பியிருப்பவை. 2006ஆம் ஆண்டிலே பிரான்சு தேசம் விமானச் சீட்டின்மீது ஒரு சிறு தீர்வை விதித்தது. அப்பணம் ஏழை நாடுகளின் நோய்களுக்காக அமைந்த யுனிற்எய்ட் என்ற அமைப்புக்குச் சென்றது. பயணிக்குத் தெரியாத அளவு சிறிது. ஆண்டுதோறும் தவறாது வருவது. தேயிலைத் துரைமார் 1925ஆம் ஆண்டிலே கண்ட உபாயம் எண்பத்தோராண்டு கழித்து மனிதருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். அதுவும் முதலிலே எயிட்ஸ், காசம், மலேரியா என்ற மூன்றுக்கே, குடற்புழுவுக்கு அன்று.

மலைநாட்டிலே அந்தப் புழு என்னாயிற்று? 1992ஆம் ஆண்டிலே தோட்டப்பகுதி முழுவதிலும் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளிலும் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏதேனும் ஒரு குடற்புழு இருந்தது. ரொக்பெல்லரின் ஆட்கள் மாத்தளைக்கு வந்து எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1994ஆம் ஆண்டிலே ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளனைவருக்கும் மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டுவரை நடந்து, நின்றது.

நின்ற நான்காம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் ஐந்து மாவட்டங்களிலுள்ள 114 தோட்டப்பகுதிப் பாடசாலைகளுக்குச் சென்று 1,890 பிள்ளைகளைச் சோதித்தனர். 29.0 வீதமானோருக்குப் புழு இருந்தது. தொண்ணூறிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியது பெரிய காரியந்தான். ஆனால் 11.6 வீதமானோருக்கு இருந்த தொற்று நடுத்தரமானதோ கடுமையானதோ ஆகும். நாடெங்கும் புழு அருகிவந்த காலத்திலே நிலைமை இது. வட்டப்புழுவே மிகுதி, கொழுக்கிப்புழு இரண்டு மாவட்டங்களிலே காணப்படவேயில்லை. தாழ்ந்த தோட்டங்களிலே தொற்று அதிகம், உயர்ந்த தோட்டங்களிலே குறைவு என்றும் அவர்கள் கண்டனர். லிந்துலையின் குளிர் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் செய்த உதவி அது.

உயரத்தோடு வேறு இரண்டு காரணங்களையும் அவ்வாய்வு குறித்தது. ஒன்று, தாயின் கல்விக்குறைவு. மற்றொன்று, வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும், வீட்டிலே ஒழுங்கான சுகாதார வசதி இல்லாமை. 1916ஆம் ஆண்டிலே மாத்தளைக்கு மருந்துப் பெட்டியோடு வந்தவர்கள் துரைமாரிடம் கேட்டதும் அதைத்தான்.